தனிப்பட்ட தகவல்

கமர் ஜஹான் என்ன வேலை பார்க்கிறாள் என்பது கச்சேரி சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வீட்டிலேயே இருக்கிறாள், லேப்டாப்பில் ஏதோ செய்கிறாள், எப்போதாவது தியாகராய நகரில் ஒரு ஆபீசுக்குப் போய்வருகிறாள் என்ற அளவில் தெரியும். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கீர்த்தி மட்டும் நேராகவே கேட்டுவிட்டாள்.

"டைப்பிங் வேலையாக்கா?"

"டைப்பிங் இல்ல கீர்த்தி. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதறவங்க கடைசியில ஒரு பட்டியல் போடுவாங்க. இன்னார் எழுதினதிலிருந்து இதை எடுத்தோம், அன்னார் எழுதினதிலிருந்து அதை எடுத்தோம்னு. அதைச் சரி பண்ணித் தர்றேன்."

"அதுல சரி பண்ண என்ன இருக்கு?"

"கமா, புள்ளி."

கீர்த்தி சிரித்தாள். கமர் ஜஹானும் சிரித்தாள். ஆனால் வேலை உண்மையிலேயே பெரும்பாலும் கமாவும் புள்ளியும்தான். ஒரு ஜர்னலுக்கு எழுதியவர் பெயரை அடுத்து வருடம் வர வேண்டும். இன்னொன்றுக்கு வருடம் கடைசியில் வர வேண்டும். ஒன்று இதழின் பெயரை முழுதாகக் கேட்கும், இன்னொன்று சுருக்கிச் சாய்வெழுத்தில் கேட்கும். கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் கடைசிப் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் எங்காவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். பக்க எண் தவறாக இருந்தால் மூலக் கட்டுரையைத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். வருடக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்தக் கடைசிப் பத்து பக்கத்தைக் கண்டாலே எரிச்சல் வரும். அவர்கள் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் சாய்நாத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சாய்நாத் கமர் ஜஹானுக்கு அனுப்புவான். யார் திருத்துகிறார்கள் என்று எழுதியவர்களுக்குச் சொல்வதில்லை.

அந்த வேலையை அவள் விரும்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் ஒரு நியாயம் இருப்பதாக நினைத்தாள். செய்தவன் இருக்கும் இடம் தெரியாவிட்டாலும், செத்தே போயிருந்தாலும், செய்த வேலைக்குப் பக்கத்தில் அவன் பெயர் நிற்கும். அதில் ஒரு எழுத்து பிசகாமல் பார்த்துக்கொள்வது கெட்ட வேலை இல்லை.

வாசல் அறையில் கட்டிலில் அவளுடைய அப்பா அப்துல் கய்யூம் படுத்திருப்பார். லஸ் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் கடையில் ஒரு அம்மாளுக்குக் கண்ணாடியை மாட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் போயின. அதற்கு முன்பு வீட்டில் உருதுவும் கடையில் தமிழுமாக இருந்தவருக்கு, அதன் பிறகு இரண்டும் கலந்து, குழறித்தான் வரும். கமர் ஜஹானுக்குப் புரியும். தூக்கி உட்கார வைப்பதும், குளிக்க வைப்பதும், தொழுகை நேரத்துக்குத் தலையில் தொப்பியை வைத்துவிடுவதும் அவள்தான். அம்மா ஹாஜிரா பீ அதற்கு இரண்டு வருடம் முன்னமே இறந்துவிட்டாள். தம்பி தௌசீஃப் சார்ஜாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான்.

அப்துல் கய்யூமுக்குச் சிரிப்பு வரவழைக்கும் விஷயம் ஒன்று இருந்தது. பார்க்க வருகிறவர்களிடம் கோணிய வாயோடு அதைச் சொல்லுவார். "என் பொண்ணு டாக்டர் பட்டத்துக்குப் படிச்சா. மீனைப் பத்தி. மீன் நாத்தம் ஒத்துக்கலன்னு விட்டுட்டா." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். கமர் ஜஹான் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். அந்தப் பொய்யை அவருக்குச் சொன்னவள் அவள்தான்.

உண்மை வேறு. அவள் அந்த மீன்களோடு சந்தோஷமாக இருந்தாள்.

அவளும் ஷ்ரேயாவும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். ஷ்ரேயாவின் வீடு சித்திரக்குளத்தின் பக்கம். விடியும் முன் ஸ்கூட்டியில் வந்து சந்து முனையில் ஹாரன் அடிப்பாள். இருவரும் அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் போவார்கள். ஷ்ரேயாவுக்கு ஆற்று நீரின் உப்பும் அமிலமும்தான் பாடம். கமர் ஜஹானுக்கு மடவை மீன். கடலில் முட்டையிட்டு, குஞ்சாக முகத்துவாரம் வழியே ஆற்றுக்குள் நுழைந்து, உள்ளே வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும் மீன் அது. மணல் வந்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவள் கேள்வி.

ஊரூர் குப்பத்துத் தங்கவேல் வலை வீசுவார். பிடித்ததை விற்கப் போவதற்கு முன்னால் கூடையை அவள் பக்கம் நகர்த்துவார்.

"சீக்கிரம் அளந்துக்கோம்மா. வெயில் ஏறிச்சின்னா மீனு துவண்டுடும், ஒருத்தியும் வாங்க மாட்டா."

"அண்ணே, இன்னிக்குக் குஞ்சே காணோமே?"

"மொகம் அட்ச்சிக்கினு கீது பாரு. உள்ள வரணும்னு வெளிய நின்னுக்கினு கீதுங்க பாவம்."

மரப்பலகையில் மீனைக் கிடத்தி மூக்கிலிருந்து வால் வரை அளப்பாள். எடை போடுவாள். சிலவற்றின் தலையைப் பிளந்து காதுக்குள் இருக்கும் கடுகளவு கல்லை எடுப்பாள். மரத்தில் இருப்பது போல அதிலும் வயதைச் சொல்லும் வளையங்கள் இருக்கும். தன் வேலை முடிந்ததும் ஷ்ரேயா வந்து உட்கார்ந்து அளவுகோலைப் பிடித்துக்கொள்வாள். அவள் வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. "ஆத்துல தெரிஞ்சா அம்மா என்னைத் தலைக்கு ஊத்திண்டுதான் உள்ள வரச் சொல்லுவா" என்பாள். சொன்னபடியே முழங்கை வரை செதிளோடு உட்கார்ந்திருப்பாள். மூன்று வருடம், மழை நாளிலும் நோன்பு நாளிலும், ஒரு மாதம்கூட விடாமல் அளவு எடுத்தார்கள்.

எழுதத் தொடங்க வேண்டிய நேரத்தில் அப்பா விழுந்தார். முதலில் ஆறு மாத விடுப்பு. பிறகு இன்னொரு ஆறு மாதம். அதன் பிறகு பேராசிரியர் மென்மையாகவே சொன்னார், பதிவு காலாவதியாகிறது என்று. கமர் ஜஹான் போய்த் தன் மேஜையைக் காலி செய்தாள். அளவுகள் எல்லாம் இருந்த கோப்புகளை ஷ்ரேயாவின் கணினியில் போட்டாள். "நீ வைச்சுக்கோ. எனக்கு வீட்டுல இதைப் பார்த்துக்கிட்டே இருக்க முடியாது" என்றாள். ஷ்ரேயா அழுதாள். "நீ திரும்பி வருவே கமர். அதுவரைக்கும் பத்திரமா இருக்கும்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அப்பா குழறலாகக் கேட்டார், படிப்பு என்ன ஆயிற்று என்று. அவர் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். "விட்டுட்டேன்பா. மீன் நாத்தம் தாங்கல." அவரும் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதனால் அந்தப் பொய் அப்படியே நின்றுவிட்டது.

ஷ்ரேயா கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தாள். பிறகு போன். பிறகு ஈத் அன்றைக்கு ஒரு வாழ்த்து. இரண்டாயிரத்துப் பதினைந்தில் பெருவெள்ளம் வந்து ஆறு முகத்துவாரத்தையே புரட்டிப் போட்டபோது, "பத்திரமா இருக்கியா" என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. ஷ்ரேயா பட்டம் வாங்கி ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று யாரோ சொல்லித் தெரிந்தது. கமர் ஜஹானுக்கு அதில் வருத்தம் இல்லை. வேலை இருக்கிறவளுக்கு நேரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

போன வருடம் கோடையில் சாய்நாத் ஒரு கட்டுரையை அனுப்பினான். ஜர்னல் ஏற்றுக்கொண்டுவிட்டது, ரெஃபரன்ஸ் மட்டும் அவர்கள் முறைப்படி இல்லை என்று திருப்பியிருக்கிறது, அவசரம் என்று எழுதியிருந்தான். கமர் ஜஹான் கோப்பைத் திறந்தாள். அடையாறு முகத்துவாரத்தில் மடவை மீன், வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் என்பது தலைப்பு. முதல் பெயர் ஷ்ரேயா. கடைசிப் பெயர் பேராசிரியர்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரெஃபரன்ஸைப் பிறகு பார்க்கலாம் என்று கட்டுரையைக் கதை படிப்பது போலப் படித்தாள். வெள்ளத்துக்குப் பிந்தைய அளவுகள் ஷ்ரேயாவின் மாணவர்கள் எடுத்தவை. முந்தைய மூன்று வருடம் முதல் அட்டவணையில் இருந்தது. மாதவாரியாக, நீளமும் எடையும். சில எண்கள் அவளுக்கு மனப்பாடமாகவே இருந்தன. ஒரு ஐப்பசியில் தங்கவேல் கொண்டுவந்த அந்தப் பெரிய மீன் கூட அங்கே இருந்தது.

ஆசிரியர் பெயர்களில் அவள் இல்லை. நன்றியுரையில் ஆய்வகத்துக்கும் நிதி தந்தவர்களுக்கும் நன்றி சொல்லப்பட்டிருந்தது, அங்கும் இல்லை. அட்டவணைக்கு மேலே ஒரு வாக்கியத்தின் முடிவில், அடைப்புக்குறிக்குள் இருந்தாள். கமர் ஜஹான், தனிப்பட்ட தகவல்.

அந்தச் சொல்லை அவள் எத்தனையோ கட்டுரைகளில் பார்த்திருக்கிறாள். அச்சில் வராத, யாரோ ஒருவர் வாய்மொழியாகவோ மின்னஞ்சலிலோ சொன்ன விஷயத்துக்கு அப்படிப் போடுவார்கள். அதற்கு விதி உண்டு. அச்சில் இல்லாததால் கடைசிப் பட்டியலில் அது இடம் பெறக் கூடாது. அதோடு அந்த ஜர்னல் இன்னொன்றையும் கேட்டது. தகவல் தந்தவர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும்.

ஷ்ரேயா தெரியாமல் அதைப் பட்டியலிலும் சேர்த்திருந்தாள். 'க' வரிசையில், இரண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவில், கமர் ஜஹானின் பெயர் இருந்தது. விதிப்படி அதை நீக்க வேண்டியவள் கமர் ஜஹான். வெகு நேரம் அந்த வரியில் கர்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நீக்கினாள்.

சாய்நாத்தைக் கூப்பிட்டாள்.

"சாய்நாத், இந்த மீன் கட்டுரையில வர்ற கமர் ஜஹான் நான்தான்."

"மேடம், எனக்குத் தெரியவே தெரியாது. வேற யாருக்காவது மாத்தி விட்டுடறேன்."

"வேண்டாம். நானே முடிச்சிடறேன். நான்னு அவங்களுக்குச் சொல்லாதீங்க."

மீதிப் பட்டியலை முடித்தாள். கமாக்களை வைத்தாள், இதழ்ப் பெயர்களைச் சாய்த்தாள். கடைசியாக, எழுதியவர் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் ஓரத்தில் கேள்வி எழுதும் வழக்கப்படி, அந்த அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் எழுதினாள்: 'இத்தகவலை அளித்தவரின் எழுத்துபூர்வமான ஒப்புதலை இணைக்கவும்.' எல்லாக் கட்டுரைகளிலும் எழுதும் அதே வாக்கியம்.

நாலைந்து நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், ஷ்ரேயா வந்தாள். சந்துக்குள் கார் வராது. நடந்து வந்து வேர்த்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. "அங்கிள், நன்னா இருக்கேளா" என்று கட்டில் பக்கம் போய்க் குனிந்தாள். அப்துல் கய்யூம் அவளை அடையாளம் கண்டுகொண்டு இடது கையை உயர்த்தினார். "மீன் ஃப்ரெண்டு" என்றார். கமர் ஜஹான் அவளை உள் அறைக்கு அழைத்துப் போனாள். நடுவில் கதவு கிடையாது, திரைதான்.

ஷ்ரேயா சுற்றி வளைத்துப் பேசினாள். வர முடியாமல் போனதற்கு வருத்தப்பட்டாள். மகளின் பரீட்சையைச் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"ஒரு கையெழுத்து வேணும் கமர். நம்ம மடவை பேப்பர் வரப் போறது. உன் டேட்டாவை யூஸ் பண்ணியிருக்கேன். உன் பேரையும் போட்டிருக்கேன். எவனோ ஒரு எடிட்டர், ஒப்புதல் இல்லாம விட மாட்டேங்கறான்."

"அந்தக் கேள்வியை எழுதினது நான்தான் ஷ்ரேயா."

ஷ்ரேயாவுக்குப் புரியவில்லை. கமர் ஜஹான் மேஜை மேல் இருந்த லேப்டாப்பைக் காட்டினாள். "இதுதான் இப்ப என் வேலை. உன் பேப்பர் என்கிட்டதான் வந்துச்சு."

ஷ்ரேயா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ படிச்சுட்டே."

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கே."

"பேரைப் போடணும்னுதான் நான் சொன்னேன், கமர். சார்தான் ஒத்துக்கலை. பேப்பர்ல பேர் வரணும்னா எழுதறதுலயும் பங்கு இருக்கணும், பாதியில விட்டுட்டுப் போனவாளுக்கெல்லாம் கொடுக்க முடியாதுன்னார். இப்போ அக்செப்ட் ஆயிடுத்து. இனிமே ஒரு பேரைச் சேர்த்தா ஏன் எதுக்குன்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து கேப்பா. எனக்கு ப்ரொமோஷன் இன்டர்வியூ வேற வரது."

"எழுதறியான்னு என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும்." ஷ்ரேயா குனிந்துகொண்டாள். "இத்தனை வருஷம் எட்டிப் பாக்காம இருந்துட்டு, பேப்பருக்காக மட்டும் எப்படி வந்து நிக்கறதுன்னு இருந்தது."

"இப்பவும் அதுக்காகத்தானே வந்திருக்கே."

தாள் இருவருக்கும் நடுவில் மேஜை மேல் கிடந்தது. கமர் ஜஹான் அதைப் படித்தாள். கீழே குறிப்பிட்ட தகவலைத் தனிப்பட்ட முறையில் தெரிவித்தேன் என்று இருந்தது.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"ஏன்?"

"தனிப்பட்ட தகவல்னா போன்ல சொல்றது. வழியில பார்த்தப்போ சொல்றது. நான் உனக்கு எதையும் சொல்லலை ஷ்ரேயா. அளந்து கொடுத்தேன். நீ பக்கத்துலதான் இருந்தே."

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றே? சார் மாட்டார். ஜர்னல் மாட்டா. நீ கையெழுத்துப் போடலேன்னா அந்த மூணு வருஷத்தையே எடுக்கணும். யாருக்கு என்ன லாபம்?" ஷ்ரேயாவின் குரல் உயர்ந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நானா உன்னை விட்டுட்டுப் போகச் சொன்னேன்? எழுதற நேரத்துக்கு உங்கப்பா அப்படி விழாம இருந்திருந்தா, நீ இன்னிக்கு டாக்டர் கமர் ஜஹான். இந்தப் பேப்பர்ல முதல் பேரே உன்னோடதுதான். அவரைப் பாத்துக்கணும்னு நீதானே எல்லாத்தையும் தூக்கிப் போட்டே. அது என் தப்பா?"

கமர் ஜஹான் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். ஷ்ரேயா திரைப் பக்கம் பார்த்தாள். வாசல் அறையில் ஒரு சத்தமும் இல்லை.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஷ்ரேயா போனாள். போகும்போது கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்துல் கய்யூம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கமர் ஜஹான் அவரைத் தூக்கி உட்கார வைக்கப் போனபோது, அவள் கையை விலக்கினார்.

"நாத்தம்னு சொன்னே" என்றார்.

"ஆமாப்பா. நாத்தம்தான்."

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பதற்கு அவர் கடையில் இருந்த காலத்திலிருந்து ஆட்டும் ஆட்டம். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு அந்த மீன் கதையைச் சொல்வதும் நின்றுபோயிற்று.

வேறு விதமாக மாறினார். தண்ணீர் கேட்க மாட்டார். இடது கையால் தானே எட்டி எடுக்கப் பார்ப்பார், பாதி படுக்கையில் கொட்டும். வெள்ளிக்கிழமை தௌசீஃப் வந்தபோது, ஒரு ஆளைப் போடு, இல்லாவிட்டால் என்னை எங்கேயாவது சேர்த்துவிடு, அவள் படிக்கட்டும் என்று சொன்னார். தௌசீஃபுக்குப் பாதி புரியவில்லை. "பாஜி, அப்பா என்ன சொல்றாரு?" என்று அக்காவைக் கேட்டான். கமர் ஜஹான், "ஒண்ணுமில்ல, தூக்கம் வருதுங்கறாரு" என்றாள். அப்துல் கய்யூம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு பொய் என்று அந்தப் பார்வை சொன்னது.

ஆவணி மாதம் ஒரு பகலில் அவள் சாய்நாத்தைப் பார்க்கத் தியாகராய நகர் போயிருந்தாள். அப்பாவைக் கீர்த்தியின் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் போனாள். அவசரம் என்றால் அழுத்த, மாடியில் ஒலிக்கும் ஒரு மணி இருந்தது. அவர் அதை அழுத்தவில்லை. தானே சுவரைப் பிடித்து எழுந்து குளியலறைக்குப் போகப் பார்த்திருக்கிறார். குளியலறைப் படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சத்தம் கேட்டுக் கீர்த்தி ஓடிவந்தபோது, "அவளைக் கூப்பிடாதே, வேலையா இருக்கா" என்றுதான் சொன்னாராம்.

ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். எலும்பு சேர்ந்தது. ஆனால் படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவர் கமர் ஜஹானைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அவள் திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். அப்பா அவள் சொல்லப் போவதற்குக் காத்திருக்கவில்லை.

"மீன் சொல்லு" என்றார்.

"என்னப்பா?"

"மீன். என்ன படிச்சே. சொல்லு."

அவள் சொன்னாள். பன்னிரண்டு வருடத்தில் யாரிடமும் சொல்லாததை, உருதுவில், அவர் காதருகே குனிந்து சொன்னாள். மடவை கடலில் பிறப்பதைச் சொன்னாள். நகத்தளவு குஞ்சுகள் அலையோடு அலையாக வந்து ஆற்றின் வாயில் நுழைவதைச் சொன்னாள். மணல் மூடிவிட்டால் அவை வெளியிலேயே சுற்றிக்கொண்டிருப்பதையும், ஒரு மழைக்கு வாய் திறந்தால் ஆறே வெள்ளியாக மின்னுவதையும் சொன்னாள். தங்கவேலைச் சொன்னாள், காதுக் கல்லைச் சொன்னாள். கடுகளவு கல்லில் வயது எழுதியிருக்கும் என்றபோது அவர் கண்ணாடிக் கடைக்காரரின் ஆர்வத்தோடு, "எந்த லென்ஸு?" என்று கேட்டார். சொன்னாள்.

வெகு நேரம் கழித்துக் கேட்டார். "நாத்தம் அடிக்கலையா?"

"இல்லப்பா. ஒரு நாளும் அடிக்கல."

அவர் இடது கையை அவள் தலையில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. "மாஃப் கர், பேட்டா" என்றார். மன்னிப்புக் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வார்த்தை மட்டும் குழறவில்லை.

புரட்டாசி பிறக்கும் முன் இறந்துபோனார். தௌசீஃப் அடக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

மூன்றாம் நாள் பெண்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தபோது ஷ்ரேயா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். கமர் ஜஹானின் கையைப் பிடித்துக்கொண்டாள். கமர் ஜஹான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அன்று திரைக்குப் பின்னால் பேசியது அப்பாவின் காதில் விழுந்தது என்று ஷ்ரேயாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் கட்டிலிலிருந்து எழுந்தது எதனால் என்றும் சொல்லியிருக்கலாம். ஷ்ரேயாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. அவளுக்கு அது தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

எழுந்து போகும்போது ஷ்ரேயா மெல்லச் சொன்னாள். "அந்த டேபிளை எடுத்துட்டேன் கமர். வெள்ளத்துக்கு அப்புறம் இருக்கறதை மட்டும் போட்டுச் சின்னப் பேப்பரா அனுப்பிட்டேன். உன்னோட எதையும் தொடலை."

"சரி" என்றாள் கமர் ஜஹான். அது நியாயமாகத்தான் பட்டது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, தௌசீஃப் திரும்பிப் போய், வீடு ஒருத்திக்குப் பெரிதாகிப்போனது. கட்டிலை மாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வேலையை மறுபடி எடுத்துக்கொண்டாள். தை மாதம் சாய்நாத் அனுப்பிய ஒரு கட்டுரை, எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. எழுதியவரை அவளுக்குத் தெரியாது. அதன் பட்டியலில் ஷ்ரேயாவின் புதிய கட்டுரை இருந்தது. பக்க எண் விட்டுப் போயிருந்தது.

பக்க எண்ணுக்காக அந்தக் கட்டுரையைத் திறந்தாள். எண்ணைக் குறித்துக்கொண்டு மூடியிருக்கலாம். மூடாமல் படித்தாள். முன்னுரையின் இரண்டாம் பத்தியில் இருந்தது. அடையாறு முகத்துவாரத்தின் மடவை மீன்கள் குறித்து, வெள்ளத்துக்கு முந்தைய தரவுகள் எவையும் இல்லை.

மறுபடி படித்தாள். பிறகு ஷ்ரேயாவைக் கூப்பிட்டாள்.

"தரவு எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கே."

ஷ்ரேயா உடனே புரிந்துகொண்டாள். "ரெவ்யூவர் கேட்டார் கமர். முன்னாடி யாராவது எடுத்திருக்காளான்னு. அச்சுல இருந்தாதானே இருக்குன்னு எழுத முடியும். உன் கையெழுத்து இல்லாம உன் பேரையும் எழுத முடியாது. நான் வேற என்ன எழுதறது?"

கமர் ஜஹான் யோசித்துப் பார்த்தாள். அவளுடைய விதிகளின்படியே ஷ்ரேயா சொல்வது சரி. அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் இல்லை. அளவுகோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள்தான் எவையும் இல்லை என்று எழுதியிருக்கிறாள் என்பது மட்டும்தான். அதை எந்த விதியிலும் சேர்க்க முடியாது.

"சரிதான்" என்றாள். "உன் பொண்ணு பரீட்சை எப்படி எழுதினா?"

"நன்னா எழுதினா."

"அந்த ஃபைலை உனக்கு அனுப்பட்டுமா?" என்று ஷ்ரேயா கேட்டாள். "அனுப்பு" என்றாள் கமர் ஜஹான். அன்றே வந்தது. கோப்புக்குப் பெயர் அவளுடையதுதான். திறந்தால் எல்லா மாதங்களும் இருந்தன. என்ன செய்வது என்று தெரியாமல் மூடி வைத்தாள். கையெழுத்துப் போட்டிருந்தால் அடைப்புக்குறிக்குள்ளாவது அந்த மீன்கள் இருந்திருக்கும். போடாததால் எங்கும் இல்லை. அன்று தாளை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தால் ஷ்ரேயாவின் குரல் உயர்ந்திருக்காது. அப்பா கட்டிலில் இருந்திருப்பார். இப்படி எண்ணத் தொடங்கினால் அவளால் நிறுத்த முடியவில்லை. சில நாட்கள் அதிலேயே போய்விடும்.

எண்ணூர்க் கட்டுரையின் பட்டியலை முடித்தாள். ஷ்ரேயாவின் பெயர், அதன் பின் கமா, வருடம், கட்டுரையின் தலைப்பு, சாய்வெழுத்தில் இதழின் பெயர், விட்டுப்போன பக்க எண். சாய்நாத்துக்கு அனுப்பினாள். அவன் நன்றி சொல்லி அடுத்ததை அனுப்பினான். சிறுநீரகக் கல் பற்றி ஒரு டாக்டர் எழுதியது. நீளமான பட்டியல். கமர் ஜஹான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, முதல் பெயரிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.